உஷார்! டிஸ்க் நாலு, உயிர் ஒன்று

திருமலையில் கல்யாண வீடியோ எடுக்கிறவர்களே, ஸ்டூடியோ நடத்துகிறவர்களே, கோயில் தேர்த்திருவிழாவை வருடாவருடம் பதிந்து வைக்கிறவர்களே, பாடசாலை அலுவலகத்தில் கொம்பியூட்டருக்குப் பொறுப்பானவர்களே! நாலு ஹாட் டிஸ்க்கை வரிசையாகச் செருகி வைக்கும் அந்தக் கறுப்புப் பெட்டி உங்கள் மேசையில் இருக்கிறதா? இருந்தால், இதைப் படித்து முடிக்கும் வரை அதில் புதிதாக எதையும் கொப்பி பண்ண வேண்டாம். ஏற்கெனவே அதற்குள் கிடப்பதற்கு வேறு எங்காவது இன்னொரு பிரதி இருக்கிறதா என்று மட்டும் யோசியுங்கள். "நாலு டிஸ்க் கிடக்குதானே அண்ணை, ஒண்டு போனாலும் மிச்சம் மூண்டு இருக்கும்" என்பது உங்கள் பதிலென்றால், இந்த எச்சரிக்கை உங்களுக்குத்தான்.

பெட்டியை ஏன் வாங்குகிறோம் என்பது தெரிந்ததே. தனித்தனி ஹாட் டிஸ்க் நாலு வைத்திருந்தால் நாலு அடப்டர், நாலு கேபிள், நாலு பிளக். மேசை முழுக்க வயர். பெட்டி வந்தால் ஒரு அடப்டர், ஒரு யுஎஸ்பி கேபிள், ஒரு சுவிட்ச். பார்க்கவும் ஒழுங்காக இருக்கும். ஆனால் முன்பு டிஸ்க்குகளுக்கிடையே பொதுவானது என்று ஒன்றுமே இருக்கவில்லை. ஒன்றின் அடப்டர் கருகினால் அந்த ஒன்று மட்டும்தான் நின்றது. இப்போது கரண்ட் வரும் வழியும் ஒன்று, தகவல் போகும் வழியும் ஒன்று, நடுவில் இருக்கும் சர்க்கிட் போர்டும் ஒன்று, காற்றாடியும் ஒன்று. நாலு டிஸ்க்கும் ஒரே நாளில் சாவதற்கான வழியைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறோம்.

முதலில் அடப்டரைப் பாருங்கள். சாதாரண மூன்றரை அங்குல டிஸ்க் ஒன்று சுழலத் தொடங்கும் அந்தச் சில விநாடிகளில் 12 வோல்ட்டில் ஏறத்தாழ 2 ஆம்பியர் இழுக்கும். சுழலத் தொடங்கிய பிறகு அதில் கால்வாசி போதும். நாலும் ஒன்றாகக் கிளம்பினால் 8 ஆம்பியர், கிட்டத்தட்ட 100 வாட். நல்ல பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளப்பும். மலிவானவை நாலையும் ஒரேயடியாக உதைக்கும். உங்கள் அடப்டரில் 12 வோல்ட், 5 ஆம்பியர் என்று எழுதியிருந்தால் அது ஒவ்வொரு முறையும் மூச்சுத் திணறித்தான் எழும்புகிறது. புதிதில் சமாளிக்கும். இரண்டு வருடத்தில் உள்ளே கப்பாசிற்றர் வற்றியதும், டிஸ்க் ஒன்று தெரியாமல் போகும், பிறகு திரும்ப வரும். டிஸ்க்கில்தான் பிழை என்று நினைத்து டிஸ்க்கை மாற்றுவார்கள். பிழை அடப்டரில் இருக்கும்.

இதைவிட மோசமானது அடப்டரை மாற்றும் நேரம். பெட்டியின் அடப்டர் செத்துவிட்டது, கல்யாண அல்பம் நாளைக்குக் கொடுக்க வேண்டும், மேசை லாச்சிக்குள் பழைய லப்டொப் அடப்டர் கிடக்கிறது, முனை சரியாகப் பொருந்துகிறது. உஷார்! முனை பொருந்துவதால் வோல்ட்டும் பொருந்தும் என்று அர்த்தமில்லை. ரவுட்டருக்கு வருவது 9 அல்லது 12 வோல்ட், சிசிடிவி கமெராவுக்கு 12, லப்டொப்புக்கு 19. இவற்றில் பலவற்றின் முனை ஒரே அளவு. 12 வோல்ட் கேட்கும் பெட்டிக்குள் 19 வோல்ட் போனால் நாலு டிஸ்க்கின் போர்டுக்கும் ஒரே விநாடியில் அடி விழலாம். டிஸ்க் போர்டுகள் பலவற்றில் இதற்கென்றே ஒரு சின்னப் பாதுகாப்பு டயோட் இருக்கும். அது தன்னைக் கொடுத்து மற்றதைக் காப்பாற்றப் பார்க்கும். ஆகவே அப்படி நடந்துவிட்டால் டிஸ்க்கைக் குப்பையில் போடாதீர்கள், திரும்பத் திரும்பக் கரண்டும் கொடுக்காதீர்கள். தெரிந்த ஒருவர் கையில் அது மீளக்கூடும்.

இந்த ஊரில் கரண்டைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் இருட்டில் இருந்தவர்கள் நாங்கள். 2025 பெப்ரவரி 9, தை மாத ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்துக்குள் குரங்கொன்று புகுந்து நாடு முழுவதையும் அணைத்தது. முற்பகல் வேளை, கல்யாண வீடுகளும் ஸ்டூடியோக்களும் முழுமூச்சில் ஓடும் நேரம். கரண்ட் போவதில் பாதி ஆபத்து, திரும்பி வரும்போது மிச்சப் பாதி. போய், வந்து, உடனே திரும்பப் போய் வருகிற அந்த ஆட்டத்தில் நாலு டிஸ்க்கும் எழுதிக்கொண்டிருந்த இடத்திலேயே நின்று நின்று கிளம்பும். யுபிஎஸ் இல்லாமல் இந்தப் பெட்டியை ஓட்டுகிறவர் திருமலையில் இருந்தால், அவர் இந்தக் கட்டுரையை விட்டுவிட்டு முதலில் யுபிஎஸ் கடைக்குப் போகட்டும். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேரங்களில் இடி முழங்கும்போது பிளக்கைக் கழற்றுவதற்கு யுபிஎஸ்ஸும் மாற்றில்லை.

அடுத்தது பெட்டியின் முதுகு. அங்கே ஒரு குட்டிச் சுவிட்ச் வரிசையோ, சுழற்றும் குமிழோ இருக்கும். பலர் அதைப் பார்த்ததே இல்லை. நாலு டிஸ்க்கை எப்படிச் சேர்ப்பது என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. தனித்தனியாகக் காட்டும் நிலை ஒன்று. நாலையும் ஒட்டி ஒரே பெரிய டிஸ்க்காகக் காட்டும் நிலை ஒன்று. ஒவ்வொரு ஃபைலையும் நாலாகத் துண்டுபோட்டு நாலு டிஸ்க்கிலும் பரப்பும் ரெய்ட் 0 இன்னொன்று. கடைக்காரர் வேகம் காட்டுவதற்காக ரெய்ட் 0 வில் வைத்துத் தந்திருந்தால், உங்களிடம் இருப்பது நாலு டிஸ்க் இல்லை. எந்த ஒன்று செத்தாலும் முழுதாகச் சாகும் ஒரே டிஸ்க். கணக்கும் இருக்கிறது. இலட்சக்கணக்கான டிஸ்க்குகளை ஓட்டும் அமெரிக்க பேக்பிளேஸ் நிறுவனம் 2024 இல் தன் டிஸ்க்குகளில் 1.57 வீதம் பழுதானதாக வெளியிட்டது. அதே வீதத்தை வைத்து, துண்டுபோட்ட நாலில் ஏதாவது ஒன்று ஒரு வருடத்தில் சாகும் வாய்ப்பைக் கணக்கிட்டால் 6 வீதத்தைத் தாண்டும். அவர்களுடையது குளிரூட்டிய மண்டபம். எங்களுடையது மெயின் வீதியில் தகரக் கூரையின் கீழ் ஒரு அறை.

அந்தச் சுவிட்சைத் தொட்டாலும் ஆபத்து. உள்ளே தகவல் இருக்கும்போது நிலையை மாற்றி, பக்கத்திலுள்ள பொத்தானையும் அழுத்தினால் பெட்டி எல்லாவற்றையும் புதிதாக அடுக்கத் தொடங்கும். சில பெட்டிகளில், தூசி தட்டும்போது பிள்ளை ஒன்று குமிழைத் திருகிவிட்டாலே போதும், அடுத்த முறை போடும்போது கொம்பியூட்டர் வெறும் டிஸ்க்கைத்தான் காட்டும். நிலை சரியாக இருக்கும் நாளில் அந்தச் சுவிட்சின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டி, எந்த நிலை என்று அதிலேயே எழுதி வையுங்கள். டிஸ்க்குகளிலும் 1, 2, 3, 4 என்று பேனையால் எழுதுங்கள். வரிசை குழம்பினால் சில பெட்டிகள் ஒன்றையும் அடையாளம் காணாது.

"என்னுடையது ரெய்ட் 5, ஒன்று செத்தாலும் தாங்கும்" என்கிறவர்களுக்கும் சொல்ல இருக்கிறது. தாங்கும், ஆனால் எதைத் தாங்கும் என்று கேளுங்கள். ஒரு டிஸ்க்கின் சாவை மட்டும். தவறுதலாக அழித்ததை, வைரஸ் பூட்டியதை, பெட்டியோடு களவு போனதை, தண்ணீரில் மூழ்கியதை அது தாங்காது. செத்ததற்குப் பதில் புது டிஸ்க் போட்டதும் பெட்டி மற்ற மூன்றையும் தலையிலிருந்து கால்வரை வாசித்துத்தான் நாலாவதை நிரப்பும். 4 டெராபைட் டிஸ்க் என்றால் நன்றாக ஓடினாலே ஏழெட்டு மணித்தியாலம். மலிவுப் பெட்டியில் ஒரு நாளும் ஆகலாம். மூன்றும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவை, ஒரே வயது, ஒரே வெக்கையில் வாடியவை. அந்த ஓட்டத்தில்தான் இரண்டாவது டிஸ்க் கைவிடும். சாதாரண டிஸ்க்குகளின் விபரத்தாளில் 12.5 டெராபைட் வாசித்தால் ஓரிடம் வாசிக்க முடியாமல் போகலாம் என்ற அளவிலேயே உத்தரவாதம் எழுதியிருக்கும். நடைமுறையில் அதைவிட நன்றாகவே ஓடுகின்றன என்பது உண்மை. ஆனாலும் அந்த இரவில் கரண்டும் போகக்கூடாது, காற்றாடியும் நிற்கக்கூடாது, மற்ற மூன்றும் சாகக்கூடாது என்று நேர்ந்துகொள்ள வேண்டியிருக்கும்.

டிஸ்க் வாங்கும்போதே ஒன்று கேளுங்கள். தகவலை ஓட்டுக்கூரை போல ஒன்றன்மேல் ஒன்று சற்றே மூட எழுதும் டிஸ்க்குகள் மலிவு. விட்டுவிட்டு எழுத நல்லவை, தொடர்ந்து நிரப்பினால் தவழும். 2020 ஏப்ரலில், இப்படியான பெட்டிகளுக்கென்றே விற்கப்பட்ட வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் வரிசையிலேயே சில மாடல்கள் இந்த வகை என்பதும், அதை வாங்குகிறவருக்குச் சொல்லவில்லை என்பதும் வெளிவந்து பெரிய சண்டையானது. பெயரையும் நிறத்தையும் நம்பாமல் மாடல் இலக்கத்தைப் பார்த்து வாங்குங்கள்.

இனி, டிஸ்க்குகள் எல்லாம் நலம், பெட்டி மட்டும் செத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். "டிஸ்க்கைக் கழற்றி வேறொன்றில் போட்டால் சரி" என்பதுதான் எல்லோரும் நினைப்பது. பெரும்பாலும் சரிவராது. ரெய்ட் கணக்கை ஒவ்வொரு உற்பத்தியாளரும் தங்கள் பாஷையில் டிஸ்க்கில் எழுதி வைக்கிறார்கள். அதே மாதிரிப் பெட்டி இன்னொன்று வேண்டும், அது மூன்று வருடத்துக்குப் பிறகு சந்தையில் இருக்காது. தனித்தனி நிலையில் ஓடும் சில பெட்டிகளும் டிஸ்க்கின் சிறு கட்டங்களைத் தாங்களாகவே வேறு அளவில் மாற்றிக் காட்டும். நேரடியாகக் கொம்பியூட்டரில் போட்டால் வெறுமையாகத் தெரியும். வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் வரிசையில் பல மாடல்கள், நீங்கள் பாஸ்வேர்ட் எதுவும் வைக்காவிட்டாலும், எழுதுவதையெல்லாம் உள்ளே இருக்கும் சிப்பாலேயே பூட்டித்தான் எழுதின. சிப் செத்தால் திறப்பும் அதோடு போகும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெட்டி சாகும் வரை காத்திருக்கத் தேவையில்லை. வாங்கிய அன்றே ஒரு டிஸ்க்கில் இரண்டு படங்களைப் போடுங்கள், பெட்டியை முறைப்படி அணைத்து டிஸ்க்கைக் கழற்றுங்கள், தனி டிஸ்க் போடும் சாதாரண டொக் ஒன்றில் வைத்துத் திறந்து பாருங்கள். படம் தெரிந்தால் பெட்டி உங்கள் வேலைக்காரன். "ஃபோமட் பண்ணவா?" என்று கொம்பியூட்டர் கேட்டால் பெட்டி உங்கள் எசமான், கடைக்காரரிடம் அன்றைக்கே திருப்பிக் கொடுங்கள். அந்தக் கேள்விக்கு எந்த நாளிலும், எந்த அவசரத்திலும் ஆம் என்று அழுத்தாதீர்கள்.

வெக்கையும் உப்பும் சுருக்கமாக. கச்சான் காற்று வீசும் மாதங்களில் அறையே 34 பாகை. சாதாரண டிஸ்க்குகளுக்கு உற்பத்தியாளர் சொல்லும் உச்சம் பெரும்பாலும் 60. நாலு டிஸ்க் விரலிடை வெளியில் நெருங்கி நிற்கும் பெட்டியில் காற்றாடி நின்றால் அந்த எல்லை தூரத்தில் இல்லை. அதிலும் நடு இரண்டும்தான் முதலில் வேகும். உட்துறைமுக வீதியிலும் திருக்கடலூரிலும் கடற்கரையோடு கடை வைத்திருப்பவர்களுக்கு உப்பு என்ன செய்யும் என்று தெரியும்: கதவுப் பிணைச்சலைத் தின்கிற அதே காற்றுத்தான் பெட்டியின் உள்முனைகளையும் காற்றாடியின் அச்சையும் தின்கிறது. மாதத்துக்கு ஒருமுறை காற்றாடி சுற்றுகிறதா என்று கையை வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. பெட்டிக்குள் ஒரு டிஸ்க் நோய்ப்பட்டு ஓரிடத்தை வாசிக்க முடியாமல் இழுபட்டால், மலிவுச் சிப் பொறுமையிழந்து முழு இணைப்பையும் அறுத்துத் திரும்ப இணைக்கும். அப்போது பக்கத்து நல்ல டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருந்தது நடுவில் அறும். மக்கிலும் விண்டோஸிலும் ஓட வேண்டும் என்று ஸ்டூடியோக்காரர் பலர் எக்ஸ்ஃபற் முறையில் ஃபோமட் பண்ணி வைத்திருப்பார்கள். அரைகுறையாக நின்ற வேலையைத் திரும்பச் சீர்செய்யும் குறிப்பேடு அதில் இல்லை. கேபிளைச் சட்டென்று இழுப்பதும் இதே கதிதான், நாலுக்கும் சேர்த்து.

எல்லாம் ஒரே கூட்டில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் அரசாங்கமே சாட்சி. 2023 ஓகஸ்ட் 26, இலங்கை அரச மேகக் கணினியை, கோப்புகளைப் பூட்டிக் காசு கேட்கும் ரான்சம்வேர் தாக்கியது. ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள். அந்த வருடம் மே 17 முதல் தாக்குதல் நாள் வரையான கடிதங்கள் போனது போனதுதான். அந்தக் காலத்துக்கு இணைப்பிலிருந்து விலக்கி வைத்த பிரதி எதுவும் இருக்கவில்லை. உங்கள் பெட்டி பகலிரவாகக் கொம்பியூட்டரோடு இணைந்தே கிடந்தால், கொம்பியூட்டருக்குள் வரும் பூட்டு நாலு டிஸ்க்குக்கும் விழும். தென்கொரியா இன்னும் பணக்காரப் பாடம்: 2025 செப்டெம்பர் 26, தேஜொன் நகரிலுள்ள அரச தரவு நிலையத்தில் பற்றரிகள் தீப்பிடித்து, அரச ஊழியர்களின் கோப்புகளை வைத்திருந்த 858 டெராபைட் சேமிப்பு அழிந்தது. மிகப் பெரியது என்பதால் வெளியே பிரதி எடுக்கவில்லையாம்.

பிரித்து வைப்பது எப்படி என்று படிக்க நாங்கள் வெளிநாடு போகத் தேவையில்லை. சீனக்குடாவுக்குப் போனால் போதும். வெள்ளைக்காரன் அங்கே எண்ணெய்த் தாங்கிகளைக் கட்டியபோது ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டவில்லை. ஏறத்தாழ 850 ஏக்கர் காட்டுக்குள் சிதறடித்துக் கட்டினான். 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானம் ஒன்று ஒரு தாங்கியில் விழுந்து மோதியது. அந்தத் தாங்கி நாட்கணக்கில் எரிந்து உருகியது. மற்றத் தாங்கிகள் மிஞ்சின. அதற்கு முதல் நாள் இரவே துறைமுகத்துக் கப்பல்களையும் கடலுக்குக் கலைத்துவிட்டார்கள். கிளம்பாமல் உள்ளே நின்ற சாகைங் என்ற கப்பல் குண்டுபட்டு எரிந்தது. கலைந்து போன ஹெர்மிஸ் போர்க்கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மாட்டிக்கொண்டது என்பதையும் மறைக்கக்கூடாது. பிரித்து வைத்தாலும் இழப்பு வரும். எல்லாம் ஒரே நேரத்தில் வராது, அவ்வளவுதான்.

பிரிப்பதென்றால் மேசையிலிருந்து அலுமாரிக்கு இல்லை. 2004 டிசெம்பர் 26 கிண்ணியாவில் ஆஸ்பத்திரியையே கடல் கொண்டுபோனது. 2020 டிசெம்பர் 2 இரவு புரெவி புயல் குச்சவெளிப் பக்கமாகக் கரையேறியது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின் வெள்ளத்தில் மாவிலாறு அணைக்கட்டு உடைந்தது. கடையில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று வைத்திருந்து, இரண்டும் கரையோரத் தாழ்நிலமாக இருந்தால் அது ஒரே இடம்தான். ஒரு பிரதி உவர்மலை போன்ற மேட்டில் இருக்கட்டும். முடிந்தால் வவுனியாவிலோ கண்டியிலோ உள்ள சொந்தக்காரர் வீட்டு அலுமாரியில் இன்னொன்று இருக்கட்டும். நனைந்த டிஸ்க்குக்கு எக்காரணம் கொண்டும் கரண்ட் கொடுக்காதீர்கள். பல டிஸ்க்குகளில் மூச்சுவிட ஒரு துவாரம் உண்டு, அதால் தண்ணீர் உள்ளே போயிருக்கும். அப்படியே தரவு மீட்பவரிடம் கொண்டுபோங்கள்.

பெட்டியை உடைத்து எறியச் சொல்லவில்லை. எடிட்டிங் நடக்கும்போது வேலை மேசையாக அது நல்லது. தனித்தனி நிலையில் வைத்தால் எனக்கும் ஆட்சேபணையில்லை. காப்பகமாக மட்டும் அதை நம்பக்கூடாது. ஊர்க் கோயில் மலர்கள், பழைய பாடசாலைச் சஞ்சிகைகள், சங்கக் கூட்டக் குறிப்புகள் என்று ஊருக்குப் பொதுவானவற்றை ஸ்கான் பண்ணி இப்படி ஒரு பெட்டிக்குள் பூட்டி வைத்திருப்பவர்கள் இன்னும் பொறுப்போடு இருக்க வேண்டும். 2005 முதல் இலங்கைத் தமிழ் ஆவணங்களைச் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்துக்கு ஒரு பிரதி கொடுங்கள். அது உங்கள் மேசையை நம்பி இராது.

இன்றிரவு கடை பூட்ட முதல் செய்ய வேண்டியது இதுதான். ரெய்ட் 0, ரெய்ட் 5, ஒட்டிய நிலை எதுவானாலும் டிஸ்க்கைக் கழற்றாதீர்கள். ஒரு தனி எக்ஸ்டேர்னல் டிஸ்க் வாங்கி, திரும்ப எடுக்கவே முடியாதவற்றை முதலில் அதற்கு மாற்றுங்கள். தனித்தனி நிலையென்றால் பெட்டியை அணைத்து, பிரதி இருக்கும் டிஸ்க்கைக் கழற்றி, உறையில் போட்டுச் சிலிக்கா பையோடு வேறு வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். அடப்டரில் பெட்டியின் பெயரையும் வோல்ட்டையும் எழுதி ஒட்டுங்கள். வாடைக்காலம் தொடங்க முதல், கொடுத்தனுப்பிய டிஸ்க்கை ஒருமுறை வரவழைத்து, நாலைந்து ஃபைலையாவது திறந்து பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புங்கள்.